அக்காவின் களைப்பு

மராத்தி பேசுகிற ஊரான ஆகுர்டியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் படி திரும்புகிற இடத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்கா அந்த ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். புத்தகப் பையைக் கழற்றக்கூட மாட்டாள். பையோடு சுவரில் சாய்ந்து, கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு ஒன்பது. நான் அவளைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப்போய், "அம்மா, மகாராணி நடுவழியில கொலு இருக்கா" என்று கத்துவேன். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து, "ஏட்டி, இன்னும் பத்துப் படிதான, ஏறி வந்து உக்காந்தா என்ன?" என்பாள். "வாறேம்மா" என்று கீழேயிருந்து பதில் வரும். ஆள் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும்.

நாலு வருஷம் அக்கா இப்படிக் களைத்துக் கிடந்தாள். ஏன் என்று கண்டுபிடிக்க வீட்டில் எல்லோரும் பாடுபட்டோம். கண்டுபிடித்தும்விட்டோம், அவள் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து. அவளைப் பற்றி எழுத உட்காரும்போது வியாதியை விட்டுவிட்டு வேறு நாலு விஷயம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் நன்றாக விசிலடிப்பாள். பஸ் கண்டக்டர் மராத்தியில் அதட்டுவதை அப்படியே பேசிக் காட்டுவாள். என் கணக்கு வீட்டுப்பாடத்தை என் கையெழுத்திலேயே, படுத்துக்கொண்டே போட்டுத் தருவாள். அதற்குக் கூலி, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைப்பது. எழுந்து போய் எடுக்க முடியாதவள் கேட்கிற கூலி அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சோம்பேறிக்கு ராஜ வைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டு ஓடுவேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசி. அப்பாவுக்கு ஆகுர்டியில் வண்டி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை கிடைத்து, தொண்ணூறாம் வருஷ வாக்கில் எங்களை அழைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் துணை எதிர்வீட்டுக் காக்கூ. வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். தங்கமான மனுஷி. காய்கறிக்காரரிடம் ஏமாறாமல் வாங்குவது, மழைக்காலத்தில் துணி காய வைப்பது எல்லாம் அவரிடம்தான் அம்மா கற்றுக்கொண்டாள். நாங்கள் வந்து, பள்ளிக்கூட வாசல் பாவ் ரொட்டியும் பிஸ்கட்டும் பழகிய ஐந்தாறு மாதத்தில் அக்கா சோர ஆரம்பித்தபோது முதலில் கவனித்தவரும் காக்கூதான். அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத் காவூன் தாகத் யேத் நாஹீ" என்றார். சோறு தின்றால் தெம்பு வராது என்று அர்த்தம். மூன்று வேளையும் சோறும் இட்லியும் தின்றால் பிள்ளை தூங்காமல் என்ன செய்யும், சப்பாத்தி கொடு, கோதுமையில்தான் பலம் இருக்கிறது என்று சொல்லி, அன்று சாயங்காலமே பலகையும் குழவியும் கொண்டுவந்து அம்மாவுக்கு மாவு பிசையச் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கும் எனக்கும் வழக்கம்போல் சோறு, குழம்பு. அக்காவுக்கு மட்டும் தனியாகச் சப்பாத்தி, இரண்டு பக்கமும் நெய் தடவி. காலையில் இரண்டு, பள்ளிக்கூட டப்பாவில் மூன்று, ராத்திரி மூன்று. அவள் மேலும் சோர்ந்தால் எண்ணிக்கை கூடும். "எனக்குக் கொஞ்சம் மோருஞ்சோறு போதும்மா" என்று அக்கா கெஞ்சுவாள். "சோறு தின்னா தூக்கந்தான் வரும். கண்ண மூடிக்கிட்டு முழுங்கு" என்பாள் அம்மா. இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருக்காது. நெய் விற்ற விலையில், வீட்டிலேயே நல்ல சாப்பாட்டைப் பெரியவளுக்கு என்று ஒதுக்கி வைத்த அம்மா அவள். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

டாக்டர்களைச் சொல்ல வேண்டும். காலனி டாக்டர் முதலில் பூச்சி மருந்து கொடுத்தார். பிறகு இரும்புச்சத்து டானிக். பல்லெல்லாம் கறுத்துப் போனதுதான் மிச்சம், ரத்தம் ஏறவில்லை. கண்ணில் கோளாறாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லி, அக்கா கொஞ்ச நாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு களைத்தாள். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் உப்பி இருந்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கு. பள்ளிக்கூடத்தில் அவளைத் தொப்பை என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் சிஞ்ச்வட்டில் ஒரு பெரிய டாக்டர் வயிற்றில் டி.பி. என்று முடிவு செய்து ஒன்பது மாத மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளுடைய தட்டு, டம்ளர் எல்லாம் தனியாயின. நான் அவள் பக்கத்தில் படுக்கக் கூடாது என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் கோடை விடுமுறை வந்தது, தென்காசிக்குப் போனோம், அக்கா தேறினாள். மருந்து வேலை செய்கிறது என்று அப்பா டாக்டருக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனார். ஜூலையில் மறுபடியும் அவள் படியில் உட்கார்ந்தபோது இன்னும் மூன்று மாத மாத்திரை பாக்கி இருந்தது.

தென்காசியில் அவள் தேறுவது ஒவ்வொரு வருஷமும் நடந்தது. ஏப்ரலில் இரண்டு ரயில் மாறி அத்தை வீட்டுக்குப் போய் இறங்கும்போது அக்காவைக் கைத்தாங்கலாக இறக்குவோம். மூன்றாம் வாரம் அவள் மச்சுக்குத் தானே ஏறி வடாம் காயப் போடுவாள். மே கடைசியில் அத்தை பையன்களோடு குற்றாலத்துக்கு சைக்கிளில் போவேன் என்று அடம் பிடிப்பாள். ஒரே ஒரு தடவை அத்தான் எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்து, அக்கா மறுநாள் முழுக்க வாந்தி எடுத்தாள். எண்ணெய் சரியில்லை என்று அத்தை புரோட்டாக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள். மற்றபடி அந்த இரண்டு மாதம் அவள் எல்லோரையும் போல ஒரு பெண். எந்த டாக்டர் கேட்டாலும் அம்மா, "ஊருக்குப் போனா நல்லா இருக்கா" என்று ஆரம்பிப்பாள். ஊர் ஏக்கம், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றுக் காற்று என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.

மாத்திரையும் கைவிட்ட பிறகு அப்பா தானே இறங்கினார். அவருடைய வேலையே பழுதுக்குக் காரணம் தேடுவது. வார்ப்பில் ஓட்டை விழுந்தாலும் ஸ்க்ரூ மரை தேய்ந்தாலும் அவரிடம்தான் வரும். "பழுதையே பாத்துக்கிட்டு நிக்காதே. அதுக்கு முன்னால என்ன மாறுச்சுன்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். ஒரு ஜூலை மாதம் தொழிற்சாலையிலிருந்து கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்று கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்துக்கு அக்காவுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். எத்தனை நாள் படியில் உட்கார்ந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், பள்ளிக்கூடத்துக்குப் போனாளா என்பதெல்லாம் கணக்கு. பென்சிலால் புள்ளி வைத்து முந்தின வாரத்துப் புள்ளியோடு சேர்ப்பார். அக்கா கட்டிலில் இருந்தபடி, "அப்பா, இந்த வாரம் பாஸா ஃபெயிலா?" என்று கேட்பாள். நாங்கள் ஊருக்குப் போனபோதும் விடவில்லை. இன்லண்ட் லெட்டரில் வாரா வாரம் அம்மா மார்க் எழுதிப் போட்டாள்.

ஒரு வருஷம் ஓடிய அந்தக் கோடு ஜூலையிலிருந்து இறங்கி மூன்றிலும் நாலிலுமாகத் தவழ்ந்தது. ஏப்ரலில் ஏற ஆரம்பித்து மே மாதம் ஒன்பதைத் தொட்டது. நடுவில் நவம்பர், டிசம்பரில் மட்டும் ஐந்தாறு வாரம் லேசாக மேலே எழும்பி ஆறைத் தொட்டு மறுபடி விழுந்தது. அந்த மேட்டுக்கு மேலே அப்பா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்த வாரங்களில் நடந்தது எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆகவே அதை இங்கே எழுதத்தான் வேண்டும். தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அக்கா என்னோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். மதியம் அவள் டப்பா எனக்கு, என் தயிர்சாதம் அவளுக்கு. ராத்திரியும் அம்மா அடுப்படிக்குத் திரும்புகிற நேரம் பார்த்து அவள் தட்டிலிருந்து சப்பாத்தி என் தட்டுக்கு வரும், நான் பாதி சோற்றை அவளுக்குத் தள்ளுவேன். நெய் ஊறின சப்பாத்தியை நான் ஆசை ஆசையாகத் தின்றேன். இரண்டு பேருக்கும் லாபம். டிசம்பர் கடைசியில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸுக்காக எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் இரவல் தர மறுத்தாள். நான் நேராக அடுப்படிக்குப் போய், "அம்மா, அவ சப்பாத்தியே திங்கறதில்ல. எல்லாத்தையும் எனக்குத் தள்ளிவிட்டுட்டுச் சோத்தத் திங்கா" என்று கோள் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடைசி விள்ளல் வரைக்கும் ஊட்டிவிட்டாள். டப்பாவைத் திறந்து பார்க்கும்படி காக்கூவின் பெண்ணிடமும் சொல்லி வைத்தாள். அக்கா என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், பிறகு ஜியோமெட்ரி பாக்ஸை என் பையில் போட்டிருந்தாள்.

அடுத்த ஜூலையில் அப்பா தாளைச் சுவரிலிருந்து எடுத்து மேஜையில் விரித்து அம்மாவுக்கு விளக்கினார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னென்ன மாறுதுன்னு எழுதிப் பாத்துட்டேன். தண்ணி, வெயிலு, பள்ளிக்கூடம். தண்ணியக் காய்ச்சிக் குடிச்சும் பாத்தாச்சு, மாறல. பள்ளிக்கூடம் தெறந்தா கோடு எறங்குது, அடச்சா ஏறுது. நவம்பர்ல மட்டும் எனக்கு வெளங்கல. தீபாவளி லீவுல இருந்த சந்தோஷம் கொஞ்ச நாள் நீடிச்சிருக்கும்." அவருக்கே அதில் திருப்தி இல்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் கடைசியாகப் பார்த்த டாக்டரும், உடம்பில் ஒன்றும் பிடிபடவில்லை, பள்ளிக்கூடம் பிடிக்கிறதா என்று விசாரியுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். "அப்போ நடிக்காளா?" என்று அம்மா கேட்டாள். அப்பா தாளைச் சுருட்டினார்.

அப்பாவின் பட்டியலில் சாப்பாடு இல்லை. ஷிப்டு முறை வேலையில் அவர் பாதி நாள் கேன்டீனில் சாப்பிட்டார். வீட்டில் இருக்கும் நாளிலும் தட்டில் விழுவதைத் தின்றுவிட்டு எழுந்துபோகும் மனிதர். எங்கே போனாலும் நாம் நம்ம சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம் என்பது அவருக்குப் பெருமை. அது மாறியிருக்கும் என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு மழைக் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. "முடியலம்மா" என்றாள். நாலு வருஷமாக அந்த வார்த்தைக்கு இரங்கிய அம்மா அன்று இரங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்து, "நடிச்சது போதும்ட்டி. எங்கள எத்தன வருஷம் ஏமாத்துவ?" என்றாள். அக்கா அழவில்லை. "நெசமாத்தாம்மா முடியல. நான் பொய் சொல்லலம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா ரெயின்கோட்டை மாட்டிவிட்டு வெளியே அனுப்பினாள். நான் அவளுக்கு முன்னால் நடந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். உடம்பில் ரத்தமே இல்லையே, எப்படி விட்டு வைத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார்கள். ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அக்கா போய்விட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு இல்லை. யாரும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனாலும் பேசவில்லை. போட்டோ அலமாரிக்குள் போனது. அவள் பெயருள்ள ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள், அவளை நான் வீட்டுக்குக் கூட்டி வருவதே இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அம்மா என்னைக் காட்டுவாள். அப்பா பன்னிரண்டு வருஷம் இப்படியே இருந்துவிட்டு நெஞ்சு வலியில் போனார். எனக்கு அதற்குள் கல்யாணமாகி, வங்கியில் வேலையும் கிடைத்து, நானும் கணவரும் அதே பக்கத்தில் வானவடியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். அம்மா எங்களோடு வந்துவிட்டாள். பெண் பிறந்தாள். அவளை வளர்த்ததே அம்மாதான்.

என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். "என்னடா?" என்றேன். "அம்மா, நான் தக் கயீ" என்றாள். களைத்துவிட்டேன் என்பதைக்கூடப் பாதி ஹிந்தியில்தான் சொல்லத் தெரியும் அவளுக்கு. மற்ற ஷூவை நானே கழற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். வேறு எந்தத் தாயும் ஆறு மாதம் கழித்துப் போகிற விஷயத்துக்கு நான் ஒரே மாதத்தில் டாக்டரிடம் ஓடினேன்.

அந்தக் குழந்தை டாக்டர் என் வயதுக்காரர், மராத்திக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். எப்போதிலிருந்து களைப்பு, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டுவிட்டு, "சரி, எப்போது நன்றாக இருந்தாள்?" என்று கேட்டார். "கோயம்புத்தூரில் மாமியார் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். ஊருக்குப் போனால் நன்றாக இருக்கிறாள்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அம்மா பத்து டாக்டர்களிடம் சொன்ன வாக்கியம் அது. அந்தப் பத்துப் பேரும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே என்ன சாப்பிடுவாள், இங்கே என்ன சாப்பிடுகிறாள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். அங்கே மூன்று வேளையும் சோறும் இட்லியும், இங்கே டப்பாவில் சப்பாத்தி, சாயங்காலம் பிஸ்கட் என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். சீலியாக் என்று பெயர். சிலருடைய குடலுக்குக் கோதுமை ஆகாது. உள்சுவர் அரித்துப்போய், தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. இரும்பு டானிக் குடித்தாலும் ஒட்டாது. ரத்தம் குறையும், பிள்ளை களைக்கும். சோறு தின்கிற தெற்கத்திக்காரர்களிடம் அபூர்வம் என்பதால் டாக்டர்களுக்கே சட்டென்று தோன்றாது என்றார் அந்தக் குழந்தை டாக்டர். மருந்து என்ன என்று கேட்டேன். "மருந்து கிடையாது. கோதுமையை நிறுத்தினால் போதும்." பிறகு, "குடும்பத்தில் வரும். உங்கள் பக்கம் யாருக்காவது இருந்ததா?" என்றார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளைப் பற்றி ஓர் அந்நியரிடம் நான் வாய் திறந்து பேசியது அன்றுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, இப்போது எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் தனக்கு அதில் அதிகம் சந்தேகமில்லை என்றார். என் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் பெட்டியில் அப்பாவின் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது, பென்சில் கோடு மங்கவில்லை. கோடு ஏறின ஏப்ரலும் மேயும், சப்பாத்தியே போடாத அத்தை வீட்டில் அவள் எல்லோரோடும் சோறு தின்ற மாதங்கள். நவம்பர், டிசம்பர் மேட்டையும் கேள்விக்குறியையும் பார்த்தேன். அப்பாவுக்கு விளங்காத ஆறு வாரம் நான் அக்காவின் சப்பாத்தியைத் தின்ற ஆறு வாரம். மேடு விழுகிற இடம் நான் கோள் சொன்ன இடம். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியும், சொல்லியும் பார்த்திருக்கிறேன். அது வேறு, இது வேறு.

அம்மாவிடம் குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்று மட்டும் சொன்னேன். "மைதா?" என்றாள். ஆகாது. "ரவை? சேமியா?" அதுவும் ஆகாது. மறு பேச்சில்லாமல் மாவு டின்னை எடுத்து வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்தாள். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டிருக்கான், படி" என்றாள். அதிலும் கோதுமை மாவு இருந்தது. மூன்று மாதம் அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை தேறினாள், எடை கூடினாள், மாடிப்படியில் ஓடினாள். அம்மா அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்காவை வைத்து அம்மா எதையும் யோசிக்கவில்லை என்று நான் நம்பினேன், இல்லை, நம்ப ஆசைப்பட்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு, "நானும் வாறேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். டாக்டர் குழந்தையை எடை பார்த்து, கன்னத்தைத் தட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் எழுந்தேன். அம்மா எழவில்லை. அவளுக்குத் தெரிந்த ஹிந்தியில் நேராக டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். "மேரீ படீ லட்கீ தீ. உஸ்கோ பீ யஹீ தா க்யா?" என் மூத்த பெண்ணுக்கும் இதேதானா என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மா மேஜையைத் தட்டினாள். "உஸ்கோ மத் தேக்கோ. மேரே கோ போலோ." அவளைப் பார்க்காதே, என்னிடம் சொல்லு என்று.

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "ஹான், ஆஜி. ஷாயத் யஹீ தா" என்றார். ஆமாம் பாட்டி, அநேகமாக இதேதான்.

அம்மா இடிந்து விழுவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கினாள். கேட்க வந்தது வேறு. சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள். "தோ வோ... ஜூட் நஹீ போலீ?" அப்படியானால் அவள் பொய் சொல்லவில்லையா? டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா மறுபடி சொன்னாள். "தக் கயீ, போல்தீ தீ. ஸச் மே தக் கயீ தீ?" களைத்துவிட்டேன் என்பாளே, நிஜந்தானா என்று.

"ஸச் மே, ஆஜி" என்றார் டாக்டர். நிஜமாகவே களைத்துத்தான் இருந்தாள்.

அம்மா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். சப்பாத்தியைப் பற்றி நான் பயந்த எதையும் அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பெருங்காய டப்பாவை நீட்டின அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோவில் ஏறினதும், அந்த ஆறு வாரத்தைப் பற்றி நானே வாய் திறந்தேன். "எனக்குத் தெரியும்ட்டி" என்றாள் அம்மா. "நீ அன்னைக்குச் சின்னப் பிள்ள. ஊட்டுனது நானு." அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் டாக்டரிடம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஹிந்தி என்பதால் எங்களைவிட நன்றாகவே புரிந்திருக்கும். "ஆச்சி, யாரு தக் கயீ?" என்றாள்.

"உங்க பெரியம்மா" என்றாள் அம்மா.

"எனக்குப் பெரியம்மா இருக்காங்களா?"

"இருந்தா. உங்கம்மாவுக்கு அக்கா." அம்மா அக்காவின் பெயரைச் சொன்னாள். பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பெயரை அவள் குரலில் கேட்டேன். ஆட்டோ சத்தத்தில் குழந்தைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டாள், அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள். "ரொம்பக் களைப்பா இருக்குன்னு சொன்னா கண்ணு. நாலு வருஷம் சொன்னா. நாங்க நம்பல."

குழந்தை யோசித்தாள். "இப்ப நம்புறியா ஆச்சி?"

அம்மாவுக்கு முகம் கோணியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டினாள். குழந்தைக்கு அது போதவில்லை. பதில் வாயால் வர வேண்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்புதேம்மா" என்றாள் அம்மா. அதை என் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை.